சவுனாவுக்குப் போன கம்ப்யூட்டர்

எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்திலிருந்து ஒரு பெண்மணி போன மாதம் வீட்டுக்கு வந்தாள். கையில் டேப் ரெக்கார்டர். பழைய கம்பளி மில்லில் கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். இங்கே செய்த முதல் சின்னக் கம்ப்யூட்டரை நடுவில் நிறுத்தி, அதைச் செய்தவர்களின் படங்களைச் சுற்றிலும் மாட்டப்போகிறார்களாம். என் வீட்டுக்காரரிடம் மைக்கை நீட்டி, "அந்த மெஷினைப் பத்திச் சொல்லுங்க, மிஸ்டர் கோர்பெலா" என்றாள். வில்ஹோ "நல்ல மெஷின்" என்றார். அவ்வளவுதான். எழுந்து விறகுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம். அந்த மெஷினைக் கட்டிக்கொண்டு பாதி ஆயுசை ஓட்டிய மனுஷன், கேட்டால் இரண்டே வார்த்தை! அவளை உட்காரவைத்து, காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்து, "நான் சொல்றேன், எடுத்துக்கோ" என்றேன். தொண்டை வற்ற எல்லாவற்றையும் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினாள். கண்காட்சி திறந்த அன்று போய்ப் பார்த்தால், படத்துக்குக் கீழே "வில்ஹோ கோர்பெலா, சோதனைப் பிரிவு" என்று மட்டும் போட்டிருக்கிறது. சவுனா பற்றி மூச்சே இல்லை. கேட்டதற்கு, "அது கொஞ்சம் பொருத்தமா இருக்காதுன்னு கமிட்டியில நினைச்சாங்க" என்று இழுக்கிறாள். போகட்டும். பொருத்தமில்லாததை நானே சொல்லிவிடுகிறேன், என் பெயர் லெம்பி கோர்பெலா, எனக்கு எந்தக் கமிட்டியும் கிடையாது.

வில்ஹோவின் அப்பா ஃபின்லாந்திலிருந்து மாசசூசெட்ஸுக்குக் கப்பலேறி வந்தது இந்தக் கம்பளி மில்லை நம்பித்தான். என் அப்பாவும் அப்படித்தான். மில்லுக்குக் கிழக்கே இருக்கிற தெரு முழுக்க எங்கள் ஆட்கள். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஆவிக் குளியலுக்கு ஒரு சவுனாக் குடிசை. மரச்சுவர், அடுப்பு, அடுப்பு மேல் சூடேறிய கற்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு மர அகப்பை. சனிக்கிழமை சாயங்காலம் அடுப்பு எரியாத வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வில்ஹோ என்னைப் பெண் கேட்டதே அப்படித்தான். மில் வாசலில் நின்றுகொண்டு, தொப்பியைக் கசக்கிக்கொண்டு, "சனிக்கிழமை எங்க அம்மா உன்னை சவுனாவுக்கு வரச் சொன்னாங்க" என்றார். அவர் அம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை என்று கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுதான், அதையும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னார்.

மில்லில் அவருக்கு நாலாவது மாடியில் தறி ரிப்பேர் வேலை. எனக்கும் அதே மாடியில், நெய்த துணியில் முடிச்சு பார்த்துப் பிரிக்கிற வேலை. அப்போதெல்லாம் நன்றாகவே பேசுவார். தறிகளோடு பேசுவார், என்னோடு பேசுவார், சாப்பாட்டு மேஜையில் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். பிறகு ஒரு நாள் மில்லை இழுத்து மூடினார்கள். தறிகளைக் கழற்றித் தெற்கே கொண்டுபோனார்கள். கழற்றிக் கொடுத்ததே வில்ஹோதான். வேறு யாருக்கு அது தெரியும்? கடைசித் தறியை லாரியில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தவர், வாயை மூடினார்.

இரண்டு பனிக்காலம் அப்படிப் போனது. நான் சொல்வதைச் சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: குடிக்கவில்லை, அடிக்கவில்லை, அழவில்லை. பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். பனியை வாரிப் போடுவார். சனிக்கிழமை சவுனாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அகப்பையில் தண்ணீர் மொண்டு கற்கள் மேல் வீசுவார், ஆவி எழும்பும், அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் கத்திப் பார்த்தேன். தட்டை உடைத்துப் பார்த்தேன். எங்கள் மகள் இர்யா அப்போது சின்னவள். "அப்பாவுக்கு நாக்கு வலிக்குதாம்மா?" என்று கேட்டாள்.

அப்புறம்தான் டிரம்லின் கம்பெனி வந்தது. பாஸ்டனில் படித்த நாலைந்து இளவட்டங்கள். காலி மில்லில் வாடகை மலிவு என்று மூன்றாவது மாடியைப் பிடித்தார்கள். ஊரில் யாருக்கும் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று புரியவில்லை. கையில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த எல்லோரையும் வேலைக்கு எடுத்தார்கள். வில்ஹோவை நான்தான் சட்டை மாட்டிவிட்டுப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினேன். கொஞ்ச நாளில் என்னையும் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு ஸ்டாஷாவையும். அவளுக்கு ஞாபக வலை கோக்கிற வேலை. கடுகளவு இரும்பு வளையங்கள், அவற்றுக்குள் தலைமுடி மாதிரிக் கம்பி. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. அந்த வலையில்தான் மெஷின் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். "என் மாமியாருக்கு ஒண்ணு கோத்துக் குடுக்கலாம்னு பாக்கிறேன், மூக்குக் கண்ணாடியை எங்க வெச்சோம்னாவது ஞாபகம் இருக்கும்" என்பாள் ஸ்டாஷா.

அந்த மெஷினுக்கு டிரம்லின் நாலு என்று பெயர். முதல் மூன்றும் காகிதத்திலேயே செத்துப்போனதாம். அதுவரைக்கும் கம்ப்யூட்டர் என்றால் ஒரு ஹால். கண்ணாடிச் சுவர், தனியாகக் குளிர்காற்று, உள்ளே கோட்டுப் போட்ட ஆட்கள். நம் கணக்கை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து விடை வாங்கிக்கொள்ள வேண்டும். இது அப்படியில்லை. ஐஸ்பெட்டி அளவுதான் இருந்தது. மேஜை மேல் உட்காரும், சுவர் பிளக்கில் செருகினால் ஓடும், யார் வேண்டுமானாலும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து சுவிட்சுகளைத் தட்டலாம். முன்னால் விளக்குகள் மினுக்கும், பக்கத்தில் ஒரு டெலிடைப் கடகடவென்று பதிலை அடிக்கும். இரண்டு ஆம்பிளைகள் தூக்கி ஒரு வேனில் போட்டுக்கொண்டு போய்விடலாம். நான் சொல்லப்போகிற கதையே இரண்டு ஆம்பிளைகள் தூக்க முடிந்ததால் வந்த வினைதான்.

வில்ஹோ சோதனை அறையில். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில், உருளைக்கிழங்கைப் பிட்டுக்கொண்டே, "இன்னிக்கு அது கூட்டல் போட்டுச்சு, லெம்பி" என்றார்.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு பனிக்காலத்துக்குப் பிறகு, யாரும் கேட்காமல், அவராகச் சொன்ன முதல் வாக்கியம்.

"நான்கூடத்தான் போடுவேன்" என்றேன்.

"நீ கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள ஆயிரக்கணக்குல போடமாட்டியே."

"நான் எதுக்குப் போடணும்? எனக்கென்ன தலையெழுத்தா?"

இர்யா சிரித்தாள். அவரும் சிரித்தார். அன்றிலிருந்து வாய் திறந்தது. சர்க்யூட் பலகை என்பார், ஊசி என்பார், இன்றைக்கு இந்த விளக்கு எரியவில்லை என்பார். காது புளித்துப்போகும். ஆனால் நான் வாயைத் திறந்து "போதும்" என்று ஒருநாளும் சொல்லவில்லை. எனக்கு அந்த மெஷின் கூட்டினால் என்ன, கழித்தால் என்ன? அது ஓடுகிற வரைக்கும் என் வீட்டில் பேச்சு இருக்கும். எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

அதனால்தான், அந்தச் சனியன் படுத்த ஆரம்பித்தபோது அவரைவிட எனக்குத்தான் கவலை.

நன்றாகத்தான் ஓடும். ஒரு மணி நேரம் ஆனதும் பைத்தியம் பிடிக்கும். டெலிடைப் கண்டதையும் அடிக்கும், விளக்குகள் அப்படியே உறைந்து நிற்கும். மூடியைத் திறந்து உள்ளே சோதனைக் கம்பியை வைத்துப் பார்த்தால், காற்றுப் பட்ட மாத்திரத்தில் சாதுவாகிவிடும். மூடினால் மறுபடியும் ஆட்டம். திறந்தால் சாது. டாக்டர் வீட்டு வாசலுக்குப் போனதும் பல்வலி நின்றுவிடுமே, அந்த மாதிரி. உள்ளே செருகியிருக்கிற பலகைகளை ஒவ்வொன்றாகச் சின்ன அடுப்பில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தார்கள்; எல்லாம் பாஸ். முழு மெஷினை வைக்கிற அளவுக்கு அடுப்பு கம்பெனியில் கிடையாது. அப்படியே இருந்தாலும், சூட்டில் மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே ஓர் ஆள் உட்கார முடியுமா?

மெஷினை வடிவமைத்தவன் கீன் என்கிற பையன்; சிவப்புத் தலை, எப்பவும் டை. வயது முப்பதுகூட இல்லை, நகத்தைக் கடித்துக் கடித்து விரலில் நகமே இல்லை. நியூயார்க்கில் ஒரு பெரிய கண்காட்சி வந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் மெஷின் சரியாக இருந்தால் போகும். இல்லையென்றால் இந்தச் சின்னக் கம்ப்யூட்டர் சமாச்சாரத்தையே ஊற்றி மூடிவிடுவதாக மேலிடத்தில் முடிவாகிவிட்டது. அந்த மாடி ஆட்களெல்லாம் வீட்டுக்கு. வெள்ளிக்கிழமை இதை வில்ஹோ என்னிடம் சொல்லவில்லை. ஸ்டாஷா சொன்னாள். அவர் சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் நான் அடுப்பில் ரொட்டியை வைத்துவிட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். கீனின் வேன் பின்பக்கமாக எங்கள் முற்றத்துக்குள் வந்தது. கீனும் வில்ஹோவும் போர்வை போர்த்திய ஒன்றை மூச்சு வாங்க இறக்கினார்கள்.

"என்னய்யா அது, பொணமா?" என்றேன்.

"மெஷின்" என்றார் வில்ஹோ.

"அதை எதுக்கு இங்க கொண்டுவந்தீங்க?"

"சவுனாவுக்கு."

"யாருக்குக் குளியல், அதுக்கா?"

அப்புறம் வில்ஹோ பேசினார். என் வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சூடானாத்தான் அதுக்குக் கிறுக்குப் பிடிக்குது, திறந்தா ஆறிப்போகுது, அதனால திறந்து வெச்சாலும் ஆறாத ஓர் இடம் வேணும், அந்த இடத்துல ஒரு மனுஷனும் உட்காரணும், நீயே சொல்லு லெம்பி, அப்படி ஒரு இடம் சவுனாவைத் தவிர உலகத்துல வேற எங்க இருக்கு? கீன் பக்கத்தில் நின்று பரிதாபமாகத் தலையாட்டினான். எனக்கு எரிச்சல்தான், ஆனாலும் சமையலறை ஜன்னல் வழியாக வயர் இழுக்க விட்டேன்.

வாசலில் அடுத்த ரகளை. கீன் டையோடு உள்ளே நுழையப் போனான். வில்ஹோ கையைக் குறுக்கே வைத்தார்.

"துணியோட யாரும் உள்ள போறதில்ல."

"மிஸ்டர் கோர்பெலா, நாம குளிக்கப் போகலையே! இது சோதனை."

"சவுனா சவுனாதான்."

"ஐயோ, மிஸஸ் கோர்பெலா, நீங்களாவது சொல்லுங்க!"

"நான் என்ன சொல்றது தம்பி? கழட்டிட்டுப் போ. உன்கிட்ட இருக்கிறது ஒண்ணும் நான் பாக்காததில்ல" என்றேன். முகம் அவன் தலைமுடி நிறத்துக்குப் போனது. கடைசியில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு போனான்.

உள்ளே உட்காருகிற பலகைகளில் கீழ்ப் பலகையில் மெஷினை வைத்தார்கள். அடுப்பில் கொஞ்சமாக விறகு. நாங்கள் குளிக்கிற சூட்டில் பாதிகூட இல்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "நின்னுடுச்சு! நின்னுடுச்சு!" என்று கீன் சந்தோஷமாகக் கத்துவது கேட்டது. கெட்டுப்போனதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறவனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மூடி திறந்தே இருந்தது, கோளாறும் ஓடிப்போகாமல் இருந்தது. இரண்டு பேரும் வியர்க்க வியர்க்கப் பலகைகளைக் கழற்றி, புதுசு மாட்டி, கழற்றி, மாட்டி... எல்லாப் பலகையும் மாற்றியாகிவிட்டது. கோளாறு அப்படியே இருந்தது.

இனி நடந்ததை கீன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வில்ஹோ ஏறி மேல் பலகையில் உட்கார்ந்தாராம், யோசிக்க. சனிக்கிழமை, சூடு, மேல் பலகை, கைக்கெட்டும் தூரத்தில் வாளி. வாளியை நிரப்பாமல் எங்கள் ஆட்கள் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார்கள், அவரே நிரப்பி வைத்திருந்தார். யோசித்துக்கொண்டே இருந்தவர், பிறந்ததிலிருந்து செய்ததைச் செய்தார். அகப்பையை எடுத்தார், தண்ணீரை மொண்டார், கற்கள் மேல் வீசினார்.

எனக்குக் கேட்டது முதலில் புஸ்ஸ் என்ற சத்தம். பிறகு ஒரு வெடி. ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது. சமையலறை மின்சார அடுப்பு அணைந்தது. ஏலக்காய் ரொட்டி உள்ளே பாதி வெந்து கிடக்கிறது. நான் வெளியே ஓடினால், சவுனாக் கதவு திறந்து வெள்ளையாக ஆவி கொட்டுகிறது. அதற்குள்ளிருந்து கீன் துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறான். பின்னால் வில்ஹோ, உடம்பில் ஒன்றுமில்லை, கையில் அகப்பை மட்டும்.

"லெம்பி! உங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு என்ன ஆச்சு?" வேலிக்கு மேலே ஸ்டாஷாவின் தலை.

"நீ உள்ள போடி!" என்று கத்தினேன். போனாளா? நன்றாகச் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"தண்ணி ஊத்திட்டார்" என்று கீன் என்னிடம் முறையிட்டான். "மிஸஸ் கோர்பெலா, கம்ப்யூட்டர் மேல ஆவியைக் கிளப்பிட்டார்! மூணு வருஷ வேலை! ஏன் ஊத்தினீங்க? மிஸ்டர் கோர்பெலா, ஏன் ஊத்தினீங்க?"

வில்ஹோ படியில் உட்கார்ந்தார். நான் ஒரு கோட்டைக் கொண்டுவந்து மேலே போட்டேன். அகப்பையை விடவில்லை. "ஏன் மனுஷா, உங்களுக்கு அறிவு இருக்கா?" என்று ஆரம்பித்தேன். முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். தறிகளை ஏற்றி அனுப்பிவிட்டு வந்த அன்றைக்குப் பார்த்த அதே முகம். வாய் மூடியிருந்தது. மூடின விதம் எனக்குத் தெரியும்.

"திட்டுங்க" என்றேன். "என்னைத் திட்டுங்க, அவனைத் திட்டுங்க, சாமியைத் திட்டுங்க. ஏதாவது சொல்லுங்க. இன்னொரு தடவை என்னால முடியாது வில்ஹோ, சொல்லிட்டேன்." அவர் அகப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஸ்டாஷாகூட வேலியை விட்டுப் போய்விட்டாள்.

கீன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷினைப் பார்க்க உள்ளே போனான். திரும்பி வந்தவன் மூக்கைச் சுளித்தான்.

"மிஸஸ் கோர்பெலா, தப்பா நினைக்காதீங்க. இங்க ஆடு கட்டுவீங்களா?"

நானே அழுதுகொண்டிருக்கிறேன், இவன் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! "ஆடா? ஆடு கட்டுற இடமா அது? வாரா வாரம் முழங்கால் தேய சோப்புப் போட்டுக் கழுவறேன்! வந்த இடத்துல துண்டு குடுத்து உட்காரவெச்சா, என் சவுனா நாறுதுங்கிறியா? டேய்..."

"இல்ல, நெசமாவே ஆட்டு வாசனை வருது. ஈரக் கம்பளி மாதிரி."

வில்ஹோ தலையைத் தூக்கினார்.

எழுந்து உள்ளே போனார். நானும் போனேன். இப்போது எனக்கும் அடித்தது. மில் முழுக்க அந்த வாசனைதான். நூறு வருஷம் கம்பளி ஓடின மரத்தரை; பலகை முழுக்க ஆட்டுக் கொழுப்பு ஊறிக் கிடக்கும். எங்களுக்கெல்லாம் பிறந்ததிலிருந்து அதில் மூக்கு செத்துப்போய்விட்டது, மில்லுக்குள் அது ஒரு வாசனை என்றே தெரியாது. ஆனால் என் சவுனாவில் பிர்ச் மரமும் புகையும் தவிர வேறு வாசனை வந்ததில்லை. வில்ஹோ நாயைப்போலக் குனிந்து மெஷினை மோந்துகொண்டே பின்பக்கம் போனார். பலகைகள் செருகுகிற வாய்கள் அங்கே வரிசையாக இருக்கும். பலகைகளைத்தான் எல்லோரும் மாற்றினார்கள், செருகுகிற வாயை யாரும் பார்க்கவில்லை. ஒரு வாய்க்குள் தீக்குச்சியை விட்டு எடுத்தார். நுனியில் மஞ்சளாக ஒரு பிசுக்கு.

"மேல் மாடி" என்றார்.

வாயைத் திறந்துவிட்டார். எனக்கு அது போதும். மெஷின் எப்படிப் போனாலும் போகட்டும் என்று தோன்றியது.

மூன்றாவது மாடியில் மெஷினைக் கோக்கிற மேஜைக்கு நேர் மேலே நாலாவது மாடி, அவருடைய தறிகள் நின்ற இடம். குளிருக்குக் கீழ் மாடியில் சூடு போட்டால் மேலேயிருந்து பழைய கொழுப்பு கசிந்து சொட்டுமாம். ஒரு வாயில் விழுந்திருக்கிறது. ஆறியிருக்கும்போது ஓரமாக உறைந்து கிடக்கும், சூடானால் இளகித் தொடுப்புகளுக்கு நடுவே பரவி இணைப்பைத் துண்டிக்கும். "அது என் தறியோட கொழுப்பு" என்றார் வில்ஹோ. கோபமா பெருமையா தெரியவில்லை. கீன் அவரைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேருக்கும் சேர்ந்து ஒரு துண்டும் ஒரு கோட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடு வீடாக இல்லை. காயம் துடைக்கிற ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து ஒவ்வொரு வாயையும் துடைத்தார்கள். ஸ்டாஷா வந்து, தான் கோத்த வலையைத் தானே கழற்றித் தன் கையாலேயே காயவைத்தாள். வேறு யாரையும் தொடவிடவில்லை. மற்றதற்கு என் முடி உலர்த்துகிற மெஷினைக் கேட்டார்கள். பிளாஸ்டிக் தொப்பியும் குழாயும் உள்ள அது என் தங்கை கொடுத்த கல்யாணநாள் பரிசு. கம்ப்யூட்டருக்கு என் தொப்பியைப் போட்டு உட்காரவைத்த கோலத்தை அந்த வரலாற்றுச் சங்கம் போட்டோ எடுத்து மாட்டியிருக்க வேண்டும். வெடித்த ஃபியூஸை மாற்றி, மறுபடி சவுனாவைச் சூடாக்கி ஓட்டிப் பார்த்தார்கள். நான் வாளியையும் அகப்பையையும் எடுத்துவந்து சமையலறையில் பூட்டிவிட்டேன். வில்ஹோ இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மெஷின் நிற்கவே இல்லை.

திங்கட்கிழமை நியூயார்க் போனது. அப்புறம் என்ன, ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒன்று மீன் ஆராய்ச்சிக் கப்பலில் ஏறியது, ஒன்று பேப்பர் ஆபீசில் எழுத்துக் கோத்தது, ஒன்று உருளைக்கிழங்கு தரம் பிரித்தது. மில்லின் எல்லா மாடியும் நிறைந்தது. மேல் மாடிக்குக் கீழே தகரம் அடித்தார்கள். காரணம் கேட்டவர்களிடம் "தூசு" என்று கீன் சொன்னான். தண்ணீரைப் பற்றி அவன் சாகிறவரை கம்பெனியில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. நல்ல பிள்ளை.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் சவுனாவில். வில்ஹோ அகப்பையை மொண்டார். கை பாதியில் நின்றது. கீழ்ப் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஊத்தட்டுமா?" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் பலகையிலிருந்து விழப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் கேட்டார். அதற்கடுத்ததும். விளையாட்டே இல்லை, கை கேட்காமல் வீசாது. "உள்ள என்ன, கம்ப்யூட்டரா இருக்கு? ஊத்துங்க!" என்று கத்துவேன். ஊற்றுவார். கோடையிலும் கேட்டார், பனியிலும் கேட்டார். விருந்தாளிகள் எதிரில் கேட்டார். இர்யாவின் மாமனார் மாமியார் முதல் தடவை வந்தபோது, துண்டைக் கட்டி உட்கார்ந்திருக்கிற அவர்களைத் தாண்டி என்னைப் பார்த்துக் கேட்டார். அவர்கள் என்னை ஏதோ ராட்சசி என்று நினைத்துக்கொண்டார்கள். "இந்தக் கேள்வியை விட்டுத் தொலைங்களேன்!" என்று எத்தனை தடவை சண்டை போட்டேன்! கேட்பாரா?

கம்பெனி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அதைவிடச் சின்ன மெஷின்கள் வந்து அதைத் தின்றுவிட்டன. வில்ஹோவின் தறி நின்ற இடத்தில் இப்போது ஒரு பல் டாக்டர்.

வரலாற்றுச் சங்கத்துப் பெண்மணியிடம் அவர் இரண்டே வார்த்தை சொன்னதற்கு நான் கோபப்பட்டேன் என்றேன் அல்லவா? அவரிடம் இப்போது இருப்பதே அவ்வளவுதான். டாக்டர் அதற்கு ஒரு பேர் சொன்னார். எனக்கு வாயில் நுழையவில்லை. இர்யாவைத் தன் அக்காள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ரொட்டியைக் காட்டி "அது" என்கிறார். வாரத்துக்கு வாரம் ஒரு சொல் குறைகிறது. அந்த இரண்டு பனிக்காலம் திரும்பி வருகிறது. இந்தத் தடவை எந்தக் கம்பெனியும் வந்து மாடியை வாடகைக்கு எடுக்காது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை, அதனால் எல்லோர் மேலும் படுகிறேன்.

போன சனிக்கிழமை அடுப்பை நான்தான் பற்றவைத்தேன். அவரைக் கைபிடித்து ஏற்றி உட்காரவைத்தேன். அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அகப்பையைக் கையில் கொடுத்தேன். மொண்டார். கை நின்றது.

"லெம்பி" என்றார். "ஊத்தட்டுமா?"

வழக்கமான பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் அவர் கீழ்ப் பலகையைப் பார்த்தார். "மெஷினை வெளிய எடுத்தாச்சா?" என்றார். நிஜமாகக் கேட்டார். கண்ணில் பயம் இருந்தது.

"எடுத்தாச்சு" என்றேன். "துடைச்சு, காயவெச்சு, கீன் வண்டியில ஏத்திட்டான். நல்லா ஓடுது. நீங்க ஊத்துங்க."

ஊற்றினார். ஆவி எழுந்தது. அவர் முகம் தெளிந்தது.

"நல்ல மெஷின்" என்றார்.

"ஆமா" என்றேன்.